அழைப்பு கேட்கிறது, கால் எழவில்லை: புதிதாக ஊழியத்தில் இறங்குபவர்களுக்கு

ஜெபக் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் இவர்கள் என்னிடம் வருவார்கள். "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்று போய்விடுவார்கள். அடுத்த மாதமும் அதே கதை. மூன்றாவது மாதம் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டால் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கு, பாட்டு எழுத வேண்டும் என்று இன்னொருவருக்கு. கடவுள்தான் இதைச் சொல்கிறார் என்பதில் அவர்களுக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பயம்தான் விடவில்லை.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்துக்காரி. தையல் மிஷின்தான் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனை வார்டில், துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளோடு போய் உட்கார்ந்திருப்பேன். 14 வருஷமாகப் போகிறேன். அதற்கு முந்திய 5 வருஷம் பயந்தே கழிந்தது. உங்களுக்கு அந்த 5 வருஷம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விட வேண்டிய நினைப்பு

பயம் போகட்டும், அப்புறம் இறங்கலாம் என்று காத்திருக்கிறோம் பாருங்கள், அதைத்தான் முதலில் விட வேண்டும். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை ஒரு தரம் நிதானமாகப் படியுங்கள். நெல் அடிக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். களம் என்றால் காற்று வரும் திறந்த வெளியில் இருக்க வேண்டும். அப்போதுதான் தூற்றும்போது பதர் பறக்கும். அந்த அதிகாரத்தில் வரும் கிதியோனோ திராட்சை மிதிக்கும் ஆலைக்குப் பக்கத்தில் மறைவாகக் கோதுமை அடித்துக்கொண்டிருந்தான். எதிரிகளான மீதியானியர் கண்ணில் பட்டால் பறித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம். அந்த நிலையில் இருந்தவனைத்தான் தேவதூதன் பராக்கிரமசாலி என்று கூப்பிட்டான்.

அவன் உடனே நிமிர்ந்துவிடவில்லை. என் குடும்பம் எளியது, வீட்டில் நான் சிறியவன் என்று மறுத்தான். அன்று ராத்திரியே அவனுக்கு ஒரு வேலை சொல்லப்பட்டது. தகப்பன் வீட்டில் இருந்த பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடித்துவிட்டு, கர்த்தருக்கு ஒன்றைக் கட்ட வேண்டும். வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பகலில் செய்யாமல், வேலைக்காரர் 10 பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் செய்தான் என்று அங்கே மறைக்காமல் எழுதியிருக்கிறது. ஏன் இருட்டில் செய்தாய் என்று கடவுள் அவனைக் கேட்கவே இல்லை. வேலை நடந்தது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் மிஷினில் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது அது மனசில் வந்து நின்றது. இவ்வளவு பயந்தவனிடமும் கடவுள் வேலை வாங்கியிருக்கிறாரே என்று அன்றைக்கு அழுதுவிட்டேன். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ராத்திரியிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: பயத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். "பயமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என்ன நடந்துவிடும் என்று பயம்? அதை எழுதுங்கள். என் தாளில் இருந்தவற்றை அப்படியே சொல்கிறேன்: வார்டு நாற்றத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிடுவேனோ. நர்ஸம்மா எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பிவிடுவாரோ. மாமியார் என்ன சொல்வார். என் கண் முன்னாலேயே யாராவது இறந்துவிட்டால் என்ன செய்வேன். "எட்டாவது படிச்ச இவ போயி என்ன ஜெபம் பண்ணிடப் போறா" என்று சபையில் சிரிப்பார்கள்.

எழுதிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. இவை ஐந்தும் ஒரே பயம் அல்ல, ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து. முதல் இரண்டுக்கும் தகவல்தான் மருந்து. ஒருநாள் மத்தியானம் போய், பார்வை நேரம் எது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்தேன். அந்த நர்ஸம்மா திட்டவில்லை. "நாலு மணிக்கு மேல வாங்க, சாப்பாடு எதுவும் குடுக்கக் கூடாது, பெட்டுல உக்காரக் கூடாது" என்றார். இரண்டு பயம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. மூன்றாவதற்குப் பேச்சு வேண்டியிருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். நான்காவதும் ஐந்தாவதும் தகவலாலும் பேச்சாலும் தீரவில்லை. அவற்றைக் கடவுளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன், இன்றைக்கும் அப்படித்தான். உங்கள் தாளிலும் எது எந்த வகை என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். விசாரித்தால் தீர்ந்துவிடுகிற பயத்துக்காக உபவாசம் இருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: கையில் என்ன இருக்கிறது?

இது கடவுள் தந்த வேலையா, என் ஆசையா என்று பலர் குழம்புகிறார்கள். நான் பார்த்தவரை, அழைப்பு திரும்பத் திரும்ப வரும். நாம் மறந்த பிறகும் வரும். அதில் மேடையும் மாலையும் இருக்காது, எதிரில் யாரோ ஒருவருடைய முகம் இருக்கும். நம்மைத் தெரிந்த பெரியவர்கள், நாம் வாய் திறக்காமலேயே, "நீ இதைச் செய்யலாமே" என்று ஒரு தரமாவது சொல்லியிருப்பார்கள். இவை இருந்தால் மேலே போகலாம். முழு நிச்சயம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது, எனக்கு வேலைக்கு நடுவில்தான் வந்தது.

மோசேயிடம் கடவுள் கேட்டது, உன் கையில் இருப்பது என்ன என்பதைத்தான். இருந்தது ஆடு மேய்க்கும் கோல். இல்லாததைக் கேட்கவில்லை. என்னிடம் ஊசியும் நூலும் இருந்தன. அது ஊழியத்துக்கு உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, முதல் நாள்வரை.

முதல் நாள் வார்டுக்குள் போய், மூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். 70 வயதைத் தாண்டிய பாட்டி. கையில் ட்ரிப்ஸ். ரவிக்கையில் கொக்கி அறுந்து, மூன்று ஊக்கு குத்தியிருந்தது. ஒரு ஊக்கு திறந்துகொண்டு நெஞ்சில் உரசிச் சிவந்து போயிருந்தது. இன்னொரு கையால் அதைப் பொத்திக்கொண்டே படுத்திருந்தார். மனப்பாடம் செய்துகொண்டு போன ஜெபம் எனக்கு மறந்தே போய்விட்டது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. பையில் சின்னத் தகர டப்பாவில் ஊசி, நூல், கொக்கி எப்போதும் கிடக்கும். "தச்சுத் தரவா பாட்டி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். போட்டிருந்த ரவிக்கையிலேயே, ஊசி உடம்பில் படாமல் இடது கை விரலை உள்ளே கொடுத்து, ஒன்றொன்றாக நான்கு கொக்கி வைத்தேன். கை நடுங்கியதால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிக் கொக்கியை மாட்டியதும், பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துக் கட்டிலில் நீட்டி வைத்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். அன்றைக்கு நான் ஜெபமே பண்ணவில்லை.

உங்கள் கையில் இருப்பது டிராக்டர் ஓட்டத் தெரிந்ததாக இருக்கலாம், கணக்கு எழுதத் தெரிந்ததாக இருக்கலாம். அதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒருவர் போதும். ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் முதலில் சொன்ன ஆள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைத்தது. எதைச் சொன்னாலும் "அல்லேலூயா, உடனே போங்க" என்பவரும் வேண்டாம். நம்மை அறிந்தவராக, கேள்வி கேட்பவராக, சொன்னதை வெளியே விடாதவராக இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குத் திக்குவாய். சிறுவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மோசேயும் வாய் பேச வராதவன் என்று சொல்லித்தான் தட்டிக்கழிக்கப் பார்த்தார். கடவுள் அந்த வாயை மாற்றித் தரவில்லை, அண்ணன் ஆரோனைத் துணைக்குச் சேர்த்துவிட்டார். இதைச் சொன்னபோது அந்தப் பையன், "அப்ப எனக்கு ஆரோன் யாருக்கா?" என்று கேட்டான். இப்போது அவன் படம் வரைகிறான், அவன் தங்கை கதை சொல்கிறாள்.

இந்தக் கட்டத்தில் உங்கள் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ தெரியப்படுத்திவிடுங்கள். அது ஒழுங்கு, உங்களுக்கும் பாதுகாப்பு.

நான்காம் படி: மதகைக் கொஞ்சமாகத் திறங்கள்

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுவதும் கரையைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்றால், கல்லணை வந்து, வெண்ணாறு வழியாகப் பிரிந்து எங்கள் கடைமடைக்கு எட்ட நாளாகும். தண்ணீர் வந்த அன்றைக்கு ஊரே மதகில் நிற்கும். "தெறங்க, தெறங்க" என்று இளவட்டங்கள் கத்துவார்கள். அப்பா கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஷட்டரை நான்கு விரல் உயரம் தூக்கிவிட்டு நிறுத்திவிடுவார். கோடை முழுக்கக் காய்ந்த கரை. வெடிப்பு இருக்கும், நண்டு வளை இருக்கும், எலி வளை இருக்கும். ஒரேயடியாகத் திறந்தால் வளைக்குள் தண்ணீர் புகுந்து உடைப்பெடுக்கும். மண் நனைந்து, ஊறி, இறுகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். ராத்திரியில் டார்ச் லைட்டோடு கரையில் நடப்பார்.

நாமும் காய்ந்து கிடந்த கரைதான். முதல் நாளே முழு ஷட்டரையும் தூக்கிவிட்டு, ஆறு மாதத்தில் உடைந்துபோய் வீட்டுக்குள் படுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மனசு பொறுக்காமல்தான் சொல்கிறேன், சின்னதாகத் தொடங்குங்கள்.

ஞாயிறு பள்ளி என்றால், 4 ஞாயிறு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஆசிரியருக்கு உதவியாக இருங்கள். ஐந்தாவது ஞாயிறு ஒரு பாட்டு மட்டும் சொல்லிக்கொடுங்கள். பாட்டு எழுதுபவர், ஒரு வீட்டில் ஒரு பாட்டைப் பாடிக் காட்டட்டும். சிறை என்றால் நினைத்த நேரம் உள்ளே போக முடியாது, சிறை அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்றுப் போய்வரும் குழுவோடு சேருங்கள். மருத்துவமனைக்கு ஒரே ஒரு நோயாளி, அரை மணி நேரம் போதும்.

என்ன அழைப்பு என்றே இன்னும் தெரியவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் நம் ஊர்ச் சாலைகளில் காவி உடுத்தி நடந்து போகிறவர்களைப் பாருங்கள். சாலையோரத்தில் ஒரு மேஜை, ஒரு குடம் தண்ணீர், வாளியில் கால் கழுவத் தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பஞ்சு. ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். கொப்புளம் வந்த ஒருவர் காலைக் கையில் ஏந்தும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்த இருவர் தங்கள் வேலையை அந்த மேஜையில்தான் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், நாள் குறித்துவிடுங்கள். இன்னொரு அடையாளம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. கிதியோனும் ஆட்டுத்தோலை வைத்து இரண்டு தரம் கேட்டான், கடவுள் பொறுத்துக்கொண்டார். அதன் பிறகு அவன் எழுந்து போய்விட்டான். எங்கள் கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் எட்டும் முன்பே சம்பாவுக்குப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை வரட்டும், பார்த்து விதைப்போம் என்றால் பருவம் தப்பிவிடும்.

உடம்பு நடுங்கினால்

நடுங்கத்தான் செய்யும். சாப்பிடாமல் போகாதீர்கள். உபவாச நாளாக இருந்தால் முதல் நாளுக்கு வேறு நாளை வையுங்கள். பேச வேண்டியிருந்தால் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த ஒன்று வந்துவிட்டால் வாய் திறந்துகொள்ளும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், பத்து தரம். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். கையில் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்தத் தகர டப்பா. எத்தனை மணிக்கு எழுந்து வந்துவிடலாம் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிகிற நேரம் தெரிந்தால் உடம்பு ஒத்துழைக்கும்.

ஒன்றும் தெரியாதே என்ற பயம்

தரங்கம்பாடிக்கு ஒரு தரம் போய் வாருங்கள். கடற்கரையில், ஜெர்மனியில் பிறந்த மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கியதன் நினைவுக்கல் நிற்கிறது. 1706 ஜூலை 9 அன்று இறங்கியபோது அவருக்கு நம் மொழி தெரியாது, உடம்பும் அடிக்கடி நோயில் விழுகிற உடம்பு. அவ்வளவு படித்த மனிதர், பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். அவர் வேலையை விரும்பாத கோட்டை அதிகாரி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது, அடுத்த வருஷமே அவர் இறந்து அங்கேயே அடக்கமானார். அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், அவர் மணலில் எழுதிய முதல் எழுத்துதான் எனக்கு ஞாபகம் வரும். தெரியாததைப் பெரியவர்களிடமும் கேளுங்கள், பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

வீடும் பணமும்

வேலையை விடாதீர்கள். பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தவர். நகையை அடகு வைத்து, கடன் வாங்கி எதையும் தொடங்க வேண்டாம். தனி ஆளாக யாரிடமும் பணம் வசூலிக்கவும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

வீட்டில் எதிர்ப்பு வந்தால் வாதாடாதீர்கள். என் மாமியாருக்கு ஊழியம் பிடிக்காமல் இல்லை, சாயங்காலம் மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்பதுதான் அவருடைய கேள்வி. அது நியாயமான கேள்வி. "அத்தை, செவ்வாயும் வியாழனும் மூணு மணிக்கே எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போறேன்" என்றேன். சொன்னபடி இரண்டு மாதம் செய்து காட்டினேன். மூன்றாம் மாதம் அவரே, "நீ கெளம்பு, மாட்ட நான் பாத்துக்குறேன்" என்றார்.

தப்பு நடந்தால்

நடக்கும். நான்காவது வாரம், கொஞ்சம் தைரியம் வந்த தெம்பில், ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று கேட்காமல் கொள்ளாமல் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் மகன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். "யாரும்மா நீங்க? யாரு உங்களக் கூப்புட்டது?" என்று கேட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கேட்டது சரி. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அடுத்த செவ்வாய் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நான் சொல்லி வைத்திருந்த அந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "என்ன தப்புன்னு ஒனக்குத் தெரியுதுல்ல? அத மட்டும் திருத்திக்க" என்றார். அன்றிலிருந்து நான் மாற்றாத வழக்கம் இது. பெயரையும் ஊரையும் சொல்லி, உட்காரலாமா என்று கேட்பேன். நோயாளி எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் அவருக்கு வேண்டியதைச் செய்வேன். படுக்கையில் கிடப்பவரிடம் மதம் பேச மாட்டேன். அவராகக் கேட்டால்தான் ஜெபம், அதுவும் மெதுவான குரலில் இரண்டு நிமிஷம். தப்பு செய்த இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் அந்த வாசல் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகும்.

கேட்க வேண்டிய பயமும் உண்டு

எல்லாப் பயத்தையும் மிதித்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது இறங்காதே என்று சொல்கிற பயம் கடவுள் கொடுத்தது. ஊழியம் என்ற பெயரில் யாராவது உங்களைத் தனியாக வரச் சொன்னால், வீட்டில் சொல்லாதே என்றால், பணம் கேட்டுக்கொண்டே இருந்தால், வயிற்றைப் பிசைகிற அந்தப் பயத்தைக் கேளுங்கள். திரும்பி வந்துவிடுங்கள். முக்கியமாகத் தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள், 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஜெபமும் பண்ணுங்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதையும் போடுங்கள்.

எப்போது பயம் போகும்?

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். எனக்கு இன்னும் போகவில்லை. நேற்று வியாழக்கிழமை. மூன்று மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, டப்பாவில் நூல் இருக்கிறதா என்று பார்த்து, பஸ் ஏறினேன். வார்டுப் படியில் கால் வைத்ததும் வழக்கம்போல வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. பத்து தரம் மூச்சு விட்டேன். "ஆண்டவரே, கூட வாங்க" என்று சொல்லிக்கொண்டேன். ஆறாம் எண் கட்டிலில் ஒரு அம்மா, பார்க்க யாரும் இல்லாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஸ்டூலை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனேன்.